அரிசி எப்படி மருந்தாகும் என்று கேட்ட ரோசலின் அக்கா

செவ்வாய்க்கிழமை காலை, அலுவலகத்தில் என் மேசைத் தொலைபேசி அடித்தது. "உங்களுக்கு வெளியிலேருந்து கால்," என்றாள் இணைப்பகத்தில் புதிதாகச் சேர்ந்திருந்த பெண். அடுத்து ஜெயராணியின் குரல். "அக்கா போயிட்டாங்க. விடியக்காலைல. நீங்களே சர்ச் ஆளுங்ககிட்ட சொல்லிடுங்க." ஜெயராணியின் அக்கா ரோசலின் எங்கள் கப்பல் கம்பெனியில் பல ஆண்டுகள் தொலைபேசி இணைப்பாளராக இருந்தவர். அவர் உட்கார்ந்திருந்த அதே இணைப்பகத்தின் வழியாகத்தான் அவருடைய சாவும் எனக்கு வந்து சேர்ந்தது.

நம் கோவில் பங்கு இதழுக்கு நாலு வரி எழுதித் தரச் சொன்னார்கள். "நோய் விவரமெல்லாம் வேண்டாம்," என்றும் சொன்னார்கள். அவரைப் பற்றி எழுதிவிட்டு அவர் எதனால் செத்தார் என்பதை விழுங்கிவிட என்னால் ஆகவில்லை. அதனால் இதைத் தனியாக எழுதுகிறேன். பாடற்குழுவில் அவரோடு தோளோடு தோள் நின்று பாடிய உங்களுக்காகத்தான்.

அக்காவுக்குப் பொய் வராது. ஒருமுறை எங்கள் மேலாளர் யாரோ ஒரு வாடிக்கையாளரைத் தவிர்க்க, "நான் இல்லைன்னு சொல்லிடு," என்றார். அக்கா இணைப்பை எடுத்து, "இருக்கார் சார், உங்ககிட்டப் பேச மாட்டேங்கிறார்," என்று ஆங்கிலத்தில் மரியாதையாகச் சொல்லிவிட்டு வைத்தார். மேலாளர் கத்தினார். "என் வாயை வாடகைக்கு விடல சார்," என்றார் அக்கா. வேலை போகவில்லை. அவரைப் போல் ஊரிலுள்ள தொலைபேசி எண்களையெல்லாம் மனத்தில் வைத்திருக்கும் ஆள் கம்பெனிக்குக் கிடைத்திருக்காது.

அவருடைய அப்பாவும் தம்பியும் நெஞ்சுவலியில் இளம் வயதிலேயே போனவர்கள். அக்கா கல்யாணம் செய்துகொள்ளாமல் கிளமெண்டியில் தங்கையின் வீட்டுக்கு அடுத்த அடுக்குமாடிப் புளோக்கில் தனியாக இருந்தார். கம்பெனி டாக்டர் ரத்தத்தைச் சோதித்து, கொழுப்பு மிக அதிகம் என்று சொன்ன அன்று என்னோடு பேருந்தில் வந்தார். இறங்கும்போது, "எங்க வீட்டு வரிசையில அடுத்தது நான்தான்," என்றார்.

அந்தப் பயத்தைக் கண்டுகொண்டவர் ஜெயராணியின் கணவர். அவர் பெயர் இங்கே வேண்டாம். உங்கள் எல்லோருக்கும் அவரைத் தெரியும், பலர் அவரிடம் குப்பி வாங்கியிருக்கிறீர்கள். சீனர் கடைகளில் இறைச்சிக்கு நிறம் ஏற்றவும் கோழியை ஒயினில் சமைக்கவும் விற்கிற, பூஞ்சை ஏற்றிப் புளிக்கவைத்த சிவப்பு அரிசிதான் சரக்கு. அதை வாங்கி, வீட்டிலேயே பொடித்து, கேப்சூலில் அடைத்து, கொழுப்பைக் கரைக்கும் மூலிகை என்று விற்றார். "அரிசி எப்படி மருந்தாகும் மாப்பிள்ளை?" என்று அக்கா கேட்டபோது நானும் பக்கத்தில் இருந்தேன். "சாப்பிடுற பொருள்தானே அக்கா, சைட் எஃபெக்ட் ஒண்ணும் இல்ல லா," என்றார் அவர்.

கசப்பான உண்மை என்னவென்றால், அது வேலை செய்தது. அடுத்த சோதனையில் கொழுப்பு இறங்கியிருந்தது. அக்கா அன்று தேக்கா கடைத்தெருவில் எனக்கு மீன்தலைக் கறி வாங்கிக் கொடுத்தார். "எங்கப்பாவுக்கு இது கிடைக்கலையே," என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு பாடற்குழுவில் யாருக்குக் கொழுப்பு என்று கேள்விப்பட்டாலும் அவரே சிபாரிசு செய்தார். பொய் சொல்லாத அக்கா சொன்னால் யார்தான் நம்பமாட்டார்கள்?

கொஞ்ச காலத்தில் கொழுப்பு மறுபடி ஏறியது. ஒரு குப்பியில் இருக்கிற வீரியம் அடுத்த குப்பியில் இருக்காது என்பது எங்களுக்குத் தெரியாது. எண்பதுகளின் கடைசியில் புதிதாக வந்த ஒரு மாத்திரையைப் பெரிய டாக்டர் எழுதிக் கொடுத்தார். வேறு மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று கேட்டாராம். இல்லை என்றார் அக்கா. அது பொய்யில்லை. அரிசியை அவர் மருந்தாகவே நினைக்கவில்லை. தங்கை கணவரோ, "இங்கிலீஷ் மருந்து சூடு. இது அதுக்குத் துணை. நிறுத்தாதீங்க, ரெண்டு வேளையா ஆக்குங்க," என்றார்.

முதலில் தொடைகளில் வலி. மேம்பாலப் படி ஏறமுடியாமல் பாதியில் நின்றார். பிறகு, இணைப்பகத்தில் காதுக்கருவியை மாட்டக் கையைத் தூக்க முடியவில்லை. வயசுதான் என்றார். ஒருநாள் கழிவறையிலிருந்து வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "கோப்பி-ஓ மாதிரி கறுப்பா ஒண்ணுக்குப் போகுதும்மா," என்றார். டாக்சி பிடித்து நேரே மருத்துவமனைக்குப் போனோம்.

அங்கே ஒரு இளம் சீன டாக்டர் அவர் கைப்பையில் இருந்ததையெல்லாம் கட்டில்மேல் எடுத்து வைக்கச் சொன்னார். குப்பியைத் திறந்து பார்த்தார். இந்த அரிசியில் ஏறும் பூஞ்சை உண்டாக்குவதும், அந்த மாத்திரையில் இருப்பதும் ஒரே வகைச் சரக்கு என்றார். இரண்டும் சேர்ந்து தசையைச் சிதைத்து, சிதைந்த தசை சிறுநீரகத்தை அடைத்துவிட்டது. அக்கா குப்பியைக் கையில் வாங்கிப் பார்த்தார். "அப்போ ஒரே மருந்தைத்தான் ரெண்டு பேர் கையால வாங்கிச் சாப்பிட்டிருக்கேன். ஒருத்தன் மருந்துன்னு குடுத்தான், ஒருத்தன் சாப்பாடுன்னு குடுத்தான்."

மறுநாள் மாலை மாப்பிள்ளை ஆரஞ்சுப் பழங்களோடு வந்தார். "அக்கா, டாக்டருங்ககிட்ட என் பேரு வேணாம். பிசினஸ் படுத்துடும்."

"நான் படுத்திருக்கேனே, அது தெரியலையா மாப்பிள்ளை?"

ஜெயராணி தலையைக் குனிந்தபடி பழத்தை உரித்துக்கொண்டிருந்தாள்.

அக்கா அதற்குப் பிறகு செய்ததைத்தான் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். சக்கர நாற்காலியில் வைத்து நடைபாதைப் பொதுத் தொலைபேசிக்குத் தள்ளிக்கொண்டு போகச் சொன்னார். நான் காசு போட்டேன், அவர் மனத்திலிருந்தே எண்களைச் சுழற்றினார். தான் யார் யாருக்குச் சிபாரிசு செய்தாரோ, ஒவ்வொருவரையும் கூப்பிட்டார். "நான் ரோசலின் பேசுறேன். அந்தக் கேப்சூல நிறுத்துங்க. டாக்டர்கிட்ட காட்டுங்க. நான் சொன்னது தப்பு." மூச்சு வாங்கும். மறுபடி அடுத்த எண்.

நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள் என்று உங்களுக்கே நினைவிருக்கும். ஒருவர், "நீதானே கொடுத்தே, இப்ப நீயே வேணாங்கிறியா?" என்று சிரித்தார். ஒருவர் ஜெபம் செய்வதாகச் சொல்லி வைத்துவிட்டார். அக்காவோடு பல ஆண்டு ஒரே பாட்டுப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு பாடிய ஓர் அம்மா சொன்னது ரிசீவருக்கு வெளியே எனக்கும் கேட்டது. "உங்க மாப்பிள்ளை சொன்னாரு. கிட்னி கெட்டதுல உங்களுக்கு மூளை குழம்பிடுச்சாம். ரெஸ்ட் எடுங்க ரோசலின்."

அக்கா போனை மெதுவாக வைத்தார். "இந்த ஊர்ல யாரு என் குரலைக் கேட்டாலும் நம்புவாங்கம்மா," என்றார். "அந்தப் பொய்யை நான் சொன்னப்ப நம்பினாங்க. நிசத்தைச் சொல்றப்பதான் நம்பல." அன்று அவர் அழுத மாதிரி வேறு எப்போதும் அழுது நான் பார்த்ததில்லை. கொஞ்ச நேரம் கழித்து மூக்கைச் சிந்திவிட்டு, அடுத்த காசு போடச் சொன்னார்.

கூப்பிட்டவர்களில் சேவியர் அண்ணன் ஒருவர்தான் அன்றைக்கே நிறுத்தினார். அவர் நன்றாக இருக்கிறார்.

அக்காவுக்கு ரத்தம் சுத்திகரித்துப் பார்த்தார்கள். நுரையீரலில் கிருமி தொற்றிக் காய்ச்சல் கண்டது, அதிலிருந்து எழவில்லை. புளோக்கின் கீழ்த்தளத்தில் சவப்பெட்டியை வைத்திருந்தபோது, மாப்பிள்ளை வாசலில் நின்று வருகிறவர்களிடம், "ஆஸ்பத்திரி மாத்திரைதான் கொன்னுடுச்சு," என்று சொல்லிக்கொண்டிருந்தார். எல்லோரும் தலையாட்டினீர்கள். ஜெயராணி என்னை ஒரு தூணுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போய், "எழுதிடாதீங்க, நான் அவர்கூடத்தான் வாழணும்," என்றாள். அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அடக்கம் முடிந்த மறுவாரமே கோவில் வாசலில் மாப்பிள்ளை கையிலிருந்து ஒரு குப்பி இன்னொருவர் பைக்குள் போனதைப் பார்த்தேன். அப்போதுதான் எழுதுவது என்று முடிவு செய்தேன்.

சென்ற ஞாயிறு திருப்பலியில், ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும் நேரம். மாப்பிள்ளை எல்லோருக்கும் கை கொடுத்தபடி என்னிடம் வந்து, "சமாதானம்," என்று கையை நீட்டினார். மன்னிப்பதுதான் நம் வேதம் என்பது எனக்கும் தெரியும். ஆனால் ரோசலின் அக்காவுடையது என்று என்னிடம் மிஞ்சியிருப்பது அவருடைய கோபம் ஒன்றுதான். அதையும் கொடுத்துவிட்டால் எனக்கு அவர் இல்லை. நான் மாப்பிள்ளையைத் தாண்டிக் கையை நீட்டி, பின்னால் நின்ற ஜெயராணியின் கையைப் பிடித்துக்கொண்டேன். அது சில்லென்று இருந்தது. அவள் விடவில்லை.