பெயர் வராது என்று நான் கொடுத்த வாக்கு

நெருக்கடிக் காலத்தில் சட்டம் ஜனநாயகத்தை என்ன செய்கிறது என்று நாங்கள் ஆராய்ச்சி செய்தோம். செய்தோம் என்பது அதிகம். செய்தது மும்பை மாட்டுங்காவில் இருக்கும் பேராசிரியை. நான் தாராவியில் பிறந்தவள், மாலைக் கல்லூரியில் சட்டம் படித்தவள். அதனால் வீடு வீடாக ஏறி இறங்கிப் பேட்டி எடுக்கும் வேலை எனக்கு. கொரோனா ஊரடங்கு உத்தரவுகள் சாதாரண ஜனங்கள் தலையில் எப்படி விழுந்தன என்பதுதான் கேள்வி.

பேட்டி கொடுத்தவர்களில் ஒரு அக்கா. திருநெல்வேலிப் பக்கம். ஒரு வீட்டின் மேல் தட்டில், இரும்பு ஏணி வழியாக ஏறிப் போகிற ஒற்றை அறையில், மகளோடு வாடகைக்கு இருந்தாள். கார்கானாவில், அதாவது தையல் பட்டறையில், தைத்து வரும் சட்டைகளில் தொங்கும் நூலை வெட்டுகிற வேலை. முதலில் பேசவே பயந்தாள்.

"போலீசுக்குத் தெரிஞ்சா வம்புட்டி."

"அக்கா, உங்க பேரு எங்கயும் வராது. அட்ரஸும் வராது. வெறும் நம்பர்தான். என்னை நம்புங்க."

நம்பினாள். பிறகு கொட்டித் தீர்த்துவிட்டாள். "அஞ்சு பேருக்கு மேல கூடக் கூடாதுன்னு கம்ப வச்சிக்கிட்டு நிக்கான். இந்தச் சந்துக்கே ஒரு கக்கூஸு. ஆறாவதா நிக்கவ எங்க போவா? வயித்துக்குச் சட்டம் தெரியுமாட்டி?"

பேராசிரியைக்கு அந்த வரி மிகவும் பிடித்துப்போனது. பின்னால் வந்த புத்தகத்தில் ஒரு அத்தியாயமே அந்த வரியில்தான் தொடங்குகிறது.

பேட்டி முடிந்ததும் ஆராய்ச்சி பற்றிய விளக்கத் தாள் ஒன்றைக் கொடுப்போம். மேலே பல்கலைக்கழக முத்திரை, கீழே நான் பேனாவால் எழுதிய எண், பதினேழு. தேதிகூடக் கிடையாது. அடுத்த வாரம் போனபோது அதை லேமினேஷன் செய்து வைத்திருந்தாள். தாராவியில் முத்திரை போட்ட எந்தத் தாள் கிடைத்தாலும் முதலில் லேமினேஷன் கடைக்குத்தான் போகும். என்றைக்காவது சர்வே வரும், அன்றைக்கு எது உதவும் என்று யாருக்குத் தெரியும்? அதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. "இது எதுக்கும் ஆதாரம் ஆகாதுக்கா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இரண்டாவது பேட்டிக்கு அவள் வேண்டியிருந்தாள், அவ்வளவுதான் காரணம்.

ஆராய்ச்சி முடிந்தது. எந்த எண் யாருடையது என்கிற பட்டியலை அழிக்க வேண்டும் என்பது விதி. ஒலிப்பதிவையும் அழிக்க வேண்டும். என் கையால் அழித்தேன். அழித்தேன் என்று கையெழுத்தும் போட்டேன்.

பிறகு நிஜமாகவே சர்வே வந்தது. குடிசைகளை இடித்துக் கட்டடம் கட்டப் போகிறார்கள். மேல் தட்டில் இருப்பவர்களுக்கு வீடு வேண்டுமென்றால், குறிப்பிட்ட தேதிக்கு முன்பிருந்தே அங்கே இருந்ததைக் காட்ட வேண்டும். அக்காவின் ரேஷன் கார்டு ஊரில். ஆதாரில் ஊர் விலாசம். லைட் பில் கீழ்வீட்டுக்காரன் பெயரில். எழுதிக் கொடுத்தால் தன் பங்கு போய்விடுமோ என்று பயந்து அவன் கதவையே திறக்கவில்லை. மிச்சம் இருந்தது என் தாள்தான். சர்வேக்காரன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இஸ்மே தேரா நாம் கிதர் ஹை?" இதில் உன் பெயர் எங்கே என்று கேட்டு அவள் கையிலேயே கொடுத்துவிட்டான்.

ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு செம்பூரில் என் வீட்டைத் தேடி வந்தாள்.

"அந்தப் பதினேழு நான்தாம்னு எழுதிக் குடுட்டி. நீதான எழுதுன? நான் அங்கன இருந்தேன்லா? நீ வந்து உக்காந்து டீ குடிச்சல்லா?"

குடித்தேன். அவளையும் கூட்டிக்கொண்டு மாட்டுங்காவுக்குப் போனேன்.

"அதெப்படிடி முடியும்?" என்றார் பேராசிரியை. "பேர் வெளியில வரக் கூடாதுங்கறதே அவாளைக் காப்பாத்தத்தானே?"

"அவங்களே வந்து கேக்கறாங்க மேடம்."

"சரி, பட்டியல் எங்க? நீதானே அழிச்சே?" என்று கேட்டவர் தொடர்ந்தார். "எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. இதைப் பத்தியே ஒரு பேப்பர் எழுதணும்."

அக்கா என்னைப் பார்த்தாள். "என்னட்டி சொல்லுதாவ?"

"முடியாதுங்கறாங்க."

"அதுக்கா இம்புட்டு நேரம்?"

அந்த வீட்டில் நான் காபி குடிக்கவில்லை. அதற்குப் பிறகு அவர் என்னை வேலைக்குக் கூப்பிடவும் இல்லை.

விதியை மீறுவது என்று நானே முடிவு செய்தேன். நோட்டரியிடம் போய் என் பெயரில் பிரமாணப் பத்திரம் எழுதினேன். இந்தப் பெண்ணை இந்த அறையில் இந்த வருடம் பேட்டி எடுத்தேன், புத்தகத்தில் இருக்கும் வார்த்தை இவளுடையது என்று. பட்டியலை அழித்ததையும் மறைக்காமல் எழுதினேன். வீடு யாருக்கு என்று முடிவு செய்யும் அலுவலகத்தில் அவளை விசாரிக்கும் நாளில் புத்தகத்தையும் கொண்டுபோனேன்.

அதிகாரி சின்ன வயது மராட்டிக்காரர். கத்தவில்லை, விரட்டவில்லை. அந்தப் பக்கத்தை முழுசாகப் படித்தார். "ஒரு பெண் வாடகைதாரர், தாராவி. இப்படித்தான் போட்டிருக்கிறது. இங்கே எத்தனை பெண் வாடகைதாரர்கள் இருக்கிறார்கள் தெரியுமா?" என்று இந்தியில் கேட்டார். பிறகு என் பத்திரத்தில் ஒரு வரியில் விரல் வைத்தார். "பட்டியல் இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஞாபகத்தை நான் எந்தக் கட்டத்தில் நிரப்புவது?"

அவர் முன்னால் இருந்த படிவத்தில் அப்படி ஒரு கட்டம் இல்லை. சட்டம் படித்தவள் நான். அவர் கேட்டது சரியான கேள்வி என்று எனக்குத் தெரிந்தது. அதுதான் தாங்கவில்லை. வாய்க்கு வந்தபடி கத்தினேன். அக்காதான் என் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தாள்.

சில வாரம் கழித்துச் சுவரில் பட்டியல் ஒட்டினார்கள். தகுதியில்லாதவர்கள் பகுதியில் அவள் பெயர், அப்பா பெயர், ஊர்ப் பெயர் எல்லாம் எழுத்துப் பிசகாமல் அச்சாகியிருந்தன. மகள்தான் கண்டுபிடித்துப் படித்தாள். அக்கா படிக்கச் சொல்லி இரண்டாம் தடவையும் கேட்டாள்.

"மேல அப்பீல் உண்டாட்டி?"

"உண்டுக்கா. ஆனா அங்கயும் இதே காகிதங்களத்தான் கேப்பாங்க."

"அப்பம் எதுக்கு அப்பீலு?"

அரை நாள் கூலியாவது மிஞ்சட்டும் என்று அவள் கார்கானாவுக்குக் கிளம்பிவிட்டாள். மகள் சுவரை போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். நான் அப்பீல் படிவம் வாங்க வரிசையில் போய் நின்றேன்.