கேள்வி கேட்காத லொறி

சுதாகரன் அரசாங்க வேலையை விட்டுவிட்டார் என்ற செய்தியை முரசுமோட்டையில் கடைசியாக நம்பியவள் அவருடைய மனைவி கௌசலாதான். விலகல் கடிதத்தைக் கொடுத்துவிட்டு வந்து அவர் குசினி வாசலில் நின்று சொன்னபோது அவள் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். "பகிடி விடாதையுங்கோ" என்றாள். பிறகு அவருடைய முகத்தைப் பார்த்தாள். கத்தியைக் கீழே வைத்தாள்.

"இனி என்ன செய்யப் போறியள்?"

"லொறி ஓடப்போறன்."

"நாப்பத்தேழு வயசில?"

"ஓம்."

அன்று முழுக்க அவள் அவரோடு கதைக்கவில்லை. அது அவருக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. அதைச் சொன்னால் இன்னும் கோவிப்பாள் என்று சொல்லாமல் விட்டார்.

உளவளத்துணை உத்தியோகத்தர் என்பது அவருடைய பதவியின் பெயர். சனத்தின் வாயில் அது நுழையவில்லை. 'கதை கேக்கிற சேர்' என்றார்கள். சண்டை முடிந்து, செட்டிகுளத்து முகாமில் கிடந்துவிட்டு ஊர் திரும்பியவர்களில் அவரும் ஒருவர். தம்பியைப் பறிகொடுத்துவிட்டு வந்தவர். படித்திருந்ததாலும், பொறுமையாக இருந்து கேட்பார் என்று பெயர் எடுத்திருந்ததாலும் அந்த வேலை கிடைத்தது. அதன்பிறகு மோட்டார் சைக்கிளில் அவர் போகாத ஒழுங்கை இல்லை. பிள்ளையைக் காணவில்லை என்று சொல்லும் தாய், கால் போனவன், கால் கை எல்லாம் இருந்தும் கட்டிலைவிட்டு எழும்பாதவன், புருசன் குடித்துவிட்டு அடிக்கிறான் என்று வருபவள், அடிக்கிற அந்தப் புருசன் எல்லோருக்கும் அவரிடம் சொல்ல ஏதோ இருந்தது. தொடக்கத்தில், கேட்டுவிட்டுத் திரும்பும்போது வாய்க்கால் ஓரமாக மோட்டார் சைக்கிளை நிறுத்தி அழுவார். சில வருசத்தில் அழுகை நின்றுபோனது. வேலையில் தேறிவிட்டேன் என்று நினைத்தார்.

தேறவில்லை. காலமை எழும்பிக் கிணற்றடிக்குப் போனால் ஓங்காளித்துச் சத்தி வந்தது. வேலைக்குப் போகாத நாட்களில் வரவில்லை. மாதக் கூட்டத்தில், எத்தனை பேர் குணமானார்கள் என்று மேலதிகாரி கேட்டால், காதுக்குள் ஓர் இரைச்சல் எழும்பி, அவர் சொல்வது எதுவும் கேட்காது. வீட்டில் யாராவது கதைக்கத் தொடங்கினால் எழும்பி வெளியே போய் ஆடு மாடு இல்லாத வெறும் பட்டியைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

வேலையை விடவைத்தது ஜெயரூபி என்ற பெண். சண்டையின் கடைசி நாட்களில், ஒரே செல் வெடித்து இரண்டு பிள்ளைகளையும் இழந்தவள். புதன்கிழமைகளில் கந்தோருக்கு வருவாள். பல வருசமாக அவள் சொன்னதெல்லாம் பதுங்குகுழி வாசல் வரைக்கும்தான். அங்கே வந்ததும் நிறுத்திவிடுவாள். அன்றைக்குத்தான் முதன்முதலாக உள்ளே போனாள். பெரியவன் எந்தப் பக்கம் கிடந்தான், சின்னவளை எப்படித் தூக்கினாள் என்று மெல்லிய குரலில் சொல்லிக்கொண்டே போனாள். சுதாகரன் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். மோட்டார் சைக்கிளின் பின்பக்கச் சில்லுக்குக் காற்றுக் காணாது, போகும்போது அடிக்க வேண்டும் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

அவளுடைய குரல் நின்றதைக்கூட அவர் உடனே கவனிக்கவில்லை. நிமிர்ந்தபோது அவள் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை.

"சேருக்குக் களைப்புப் போல" என்றாள். "நான் பிறகு ஒருநாள் வாறன்."

கதிரையைச் சத்தமில்லாமல் தள்ளி வைத்துவிட்டுப் போனாள். அடுத்த புதன் வரவில்லை. அதற்கு அடுத்ததும் வரவில்லை. அவர் வீடு தேடிப் போனார். பிளேன்ரீ ஊற்றிக் கொடுத்தாள். "எனக்கு ஒரு குறையும் இல்லை சேர், நல்லா இருக்கிறன்" என்றாள். கதவு சாத்திய வீட்டுக்கு வெளியே நிற்பது போல அவர் அவளுக்கு முன்னால் இருந்து ரீயைக் குடித்து முடித்தார். அந்தக் கிழமைதான் கடிதத்தைக் கொடுத்தார்.

ஊர் சும்மா இருக்கவில்லை. விசர் பாக்கப் போன மனிசனுக்கே விசர் பிடிச்சிட்டுது என்று சந்தையில் சிரித்தார்கள். சிரித்தவர்களில் இரண்டு மூன்று பேர் அவருக்கு முன்னால் இருந்து தேம்பி அழுதவர்கள். அவர் அதை ஒருவரிடமும் சொல்லவில்லை.

பரந்தனில் அரிசி ஆலை வைத்திருந்த மயில்வாகனத்தார் கௌசலாவுக்குத் தூரத்துச் சொந்தம். லொறி அவருடையது. சின்ன வயதில் தகப்பனோடு ட்ரக்டர் ஓடிய கை என்பதால், பெரிய வாகனத்துக்கு லைசன் எடுக்கச் சுதாகரனுக்கு அதிக காலம் பிடிக்கவில்லை. வயலில் இருந்து ஆலைக்கு நெல், ஆலையில் இருந்து தம்புள்ளைக்கு அரிசி, அங்கிருந்து திரும்பும்போது மரக்கறி. வேலை அவ்வளவுதான். மூட்டை பேசாது. இறக்கி வைத்தால் அது அவரை விட்டுப் போய்விடும். என்ஜின் சத்தத்துக்குள் இருந்து ஏ நைன் வீதியைப் பார்த்தபடி போகையில், பல வருசத்துக்குப் பிறகு அவருக்குப் பசித்தது. கிணற்றடிச் சத்தியும் நின்றது.

அந்த லொறியின் கிளீனர் சூசைப்பிள்ளை. அறுபதை நெருங்கிய மனிதர், முல்லைத்தீவுக் கரையைச் சேர்ந்தவர். தலைமுறையாகக் கடலில் தொழில் செய்த குடும்பம். ஏன் கடலை விட்டு ஆலைக்கு வந்து மூட்டை தூக்குகிறார் என்று ஒருவருக்கும் தெரியாது. சுதாகரனுக்கும் தெரியாது. ஊகிக்க அவருக்குக் கஷ்டமில்லை. அந்தக் கரையில் யாருடைய வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று வன்னியில் ஆருக்குத் தெரியாது? அதற்காகவே அவர் கேட்கவில்லை. சூசைப்பிள்ளையும் ஒன்றும் கேட்கவில்லை. இடதுபக்க ஆசனத்தில் இருந்து பற்றைக்காட்டைப் பார்த்துக்கொண்டே வருவார். மாங்குளத்தில் ரீ, ஓமந்தை தாண்டியதும் ஒரு பீடி. முழுநாளில் பத்துச் சொல் கதைத்திருந்தால் அது அதிகம். கௌசலா ஒருநாள், "அந்த அண்ணை எப்பிடியான ஆள்?" என்று கேட்டாள். "தங்கமான மனிசன்" என்றார் சுதாகரன். அதற்கு மேல் சொல்ல அவருக்கு ஒன்றும் இல்லை.

லொறி ஓடத் தொடங்கியபின் இரண்டாவது காலபோக நெல் அறுவடை வந்தது. சூசைப்பிள்ளை சாப்பாட்டுப் பார்சலில் பாதியை நாய்க்குப் போடுவதைச் சுதாகரன் கண்டார். பிறகு பாதிக்கு மேல் போட்டார். இடுப்புப் பட்டி காணாமல் போய், அந்த இடத்தில் ஒரு நைலோன் கயிறு வந்தது. மூட்டையை இறக்கிவிட்டு நிமிரும்போது விலாவுக்குக் கீழே கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பார். வலியை ஒளிப்பவன் எப்படி நிற்பான் என்று பார்த்துப் பழகிய கண் சுதாகரனுடையது. கண் கண்டது. வாய் திறக்கவில்லை. ஒரு கேள்வியைக் கேட்டால் அதன் பின்னால் என்னென்ன வரும் என்று அவருக்குத் தெரியும். றேடியோவைக் கொஞ்சம் கூட்டி வைத்தார்.

பங்குனி வெயிலில், முரசுமோட்டை வயற்கரையில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தபோது சூசைப்பிள்ளை விழுந்தார். மூட்டை வெடித்து நெல் அவருக்கு மேலே கொட்டியது. வயற்காரன் நெல்லுக்காகக் கத்தினான். அவர் எழும்பி இருந்து, கையால் நெல்லைக் கூட்டி அள்ளத் தொடங்கினார். உதட்டோரம் கறுப்பாக ஏதோ வழிந்தது.

சுதாகரன் அவரை லொறியில் ஏற்றி நேரே வவுனியாப் பெரியாஸ்பத்திரிக்குத் திருப்பினார். ஏற்றிய பாதி மூட்டை பின்னால் கிடந்தது. புளியங்குளம் தாண்டியதும் சுதாகரன் றேடியோவை நிற்பாட்டினார். பழைய வேலையின் வசனம் ஒன்று நாக்கு நுனிக்கு வந்தது: என்னோடு கதைக்க விருப்பமா? அதை விழுங்கிக்கொண்டார்.

"எவ்வளவு காலமா நோகுது அண்ணை?"

"நத்தார்ப் பண்டிகைக்கு முன்னமே."

"ஏன் எனக்கொரு சொல்லுச் சொல்லேல்லை?"

சூசைப்பிள்ளை கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார். "நீங்கள் கேக்கேல்லையே."

சுதாகரனுக்கு அது அடித்தது போல இருந்தது. ஸ்டேரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். ஆனால் சூசைப்பிள்ளை குற்றம் சொல்லவில்லை என்பது அடுத்த பேச்சில்தான் விளங்கியது.

"கேக்க மாட்டியள் எண்டுதானே தம்பி இந்த லொறியில ஏறினனான். முந்தி வந்தவை எல்லாரும் கேட்டவை. வெள்ளைக்காரர் கேட்டவை, ஆணைக்குழு கேட்டது, பேப்பர்க்காரர் கேட்டவை. மகள் கடைசியா என்ன உடுப்புப் போட்டிருந்தவள் எண்டு ஒரு பிள்ளை கேட்டுது. நான் சொன்னனான். அதுவும் அழுதுது. பிறகு எழும்பிப் போயிட்டுது. நான் சொன்னதெல்லாம் எங்க போச்சுது எண்டு எனக்குத் தெரியாது. இனி ஒருத்தனும் கேக்காத இடமாப் பாத்து இருப்பம் எண்டு நினைச்சன். உங்களோட வந்த இந்த ரெண்டு வருசம் எனக்குச் சுகம்."

அவ்வளவு நீளமாக அவர் பேசியதைச் சுதாகரன் அதற்கு முன் கேட்டதில்லை. ஓமந்தையில் வழக்கமாக நிறுத்தும் இடத்தைத் தாண்டி வேகமாக ஓட்டினார்.

வயிற்றில் புற்றுநோய், ஈரலுக்கும் போய்விட்டது என்று சொன்னார்கள். "கொஞ்சம் முந்தி வந்திருக்கலாம்" என்றார் டொக்டர். யாரையும் குறை சொல்லாமல், பொதுவாகத்தான் சொன்னார். பார்சலில் பாதி நாய்க்குப் போன முதல் நாளைச் சுதாகரன் நினைத்துப் பார்த்தார். வீட்டுக்கு வந்து கௌசலாவிடம் சொன்னார். எல்லாவற்றையும், றேடியோவைக் கூட்டி வைத்ததையும் சேர்த்து. அவள் அவரைத் தேற்றவில்லை. "நாளைக்குப் போகேக்க கஞ்சி கொண்டுபோங்கோ" என்றாள். அதன்பிறகு ஒவ்வொரு நடைக்கும் கஞ்சி வைத்துக் கொடுத்தாள்.

தம்புள்ளைக்குப் போகும் நாட்களிலெல்லாம் அவர் வவுனியாவில் லொறியை ஓரம்கட்டிவிட்டு ஆஸ்பத்திரி வாட்டுக்குப் போவார். சூசைப்பிள்ளையின் உடம்பு கட்டிலில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டிய அளவுக்கு வற்றிப்போனது. ஒருநாள் அவர், "கதையுங்கோ தம்பி. சத்தம் கேட்டால் நல்லாயிருக்கும்" என்றார்.

என்னத்தைக் கதைப்பது? வருசக்கணக்காகக் கேட்ட மனிதருக்குக் கதைக்க வரவில்லை. கனகராயன்குளத்தில் றோட்டுப் போடுகிறார்கள் என்றார். தம்புள்ளையில் பீற்றூட் மலிந்து கிடக்கிறது என்றார். மாங்குளத்து ரீக்கடைக்காரன் கடைக்குப் புதுத் தகரம் போட்டிருக்கிறான் என்றார். அப்படியே போய், தான் அறியாமலே, ஜெயரூபியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். அவளுடைய பேரைச் சொல்லவில்லை. அவள் பதுங்குகுழிக்குள் போனபோது தான் சில்லுக்குக் காற்றடிக்க நினைத்ததைச் சொன்னார். சொல்லி முடித்துப் பார்த்தபோது சூசைப்பிள்ளையின் கண் மூடியிருந்தது. கேட்டாரா, நித்திரையா என்று தெரியவில்லை. எழுப்பிக் கேட்கவும் மனம் வரவில்லை.

ஆனி பிறக்க முன் சூசைப்பிள்ளை செத்துப்போனார்.

முல்லைத்தீவுக் கரையில் சேமக்காலைக்குள் புதைத்தார்கள். அவருடைய தங்கை அற்புதம் மட்டும்தான் சொந்தம் என்று மிச்சமிருந்தவள். மயில்வாகனத்தாரும், ஆலையில் நாலைந்து பேரும், கௌசலாவும் வந்திருந்தார்கள். மண் போட்டு முடிந்ததும் அற்புதம் சுதாகரனிடம் வந்தாள்.

"நீங்கள்தானே அண்ணையோட இருந்தனீங்கள். கடைசியா என்ன சொன்னவர்?"

ஊரின் வேதனையை எல்லாம் கேட்டு வைத்திருந்தவரிடம் அவளுக்குக் கொடுக்க ஒரு வசனம் இல்லை. ஆறுதலாக ஏதாவது கட்டிச் சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்லும் விதமும் அவருக்குத் தெரியும்.

"ஒண்டும் சொல்லேல்லை அக்கா" என்றார். "தண்ணி கேட்டவர். குடுத்தனான்."

அற்புதம் தலையை ஆட்டினாள். பிறகு நிலத்தைப் பார்த்தபடி, "எனக்கும் அவர் ஒண்டும் சொல்லுறேல்லை" என்றாள்.

சுதாகரன் பழைய வேலைக்குத் திரும்பவில்லை. இடம் காலியாகத்தான் இருக்கிறது, வாருங்கோ என்று ஒருதரம் ஆள் அனுப்பினார்கள். மாட்டேன் என்றார். தன்னால் இனி ஆகாது என்பது அவருக்குத் தெரியும். அதில் அவருக்கு வெட்கமும் இல்லை, பெருமையும் இல்லை. லொறிதான் ஓடுகிறார். புதிதாக வந்த கிளீனர் நாலு பிள்ளைக்காரர், வாய் ஓயாத மனிதர். அவர் சொல்வதில் பாதியைச் சுதாகரன் கேட்கிறார், மீதியை என்ஜின் சத்தத்துக்கு விட்டுவிடுகிறார். ஆனால் காலமை அந்தக் கிளீனர் ஏறி இருந்ததும், லொறியை எடுக்க முன், அவருடைய முகத்தைத் திரும்பிப் பார்த்து, "சாப்பிட்டனீங்களோ? உடம்பில எங்கயாவது நோகுதோ?" என்று கேட்பார். ஒருநாளும் தவறுவதில்லை.

முதல் கிழமையிலேயே அந்த மனிதர் ஆலைக்காரரிடம் போய் முறைப்பாடு வைத்தார், டிரைவர் ஒரு மாதிரியான ஆள் போல என்று.