செம்பரம்பாக்கத்துச் சிங்கத்துக்கு வசனம் எழுதியவள்

ரப்பர் வாஷரைக் கையில் வாங்கினால் போதும், பிசிறு எங்கே இருக்கிறது என்று கிளியம்மாளின் கட்டைவிரல் பார்க்காமலே சொல்லிவிடும். சுங்குவார்சத்திரத்துக்குப் பக்கத்தில், ரோட்டோரத்து ரப்பர் கம்பெனி ஒன்றில் இன்ஸ்பெக்‌ஷன் பெஞ்சில் இருந்தாள். டோக்கன் நம்பர் 218. அங்கே நான் சங்கச் செயலாளர். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் அவள். நான் எழுத வந்தது அந்தக் கட்டைவிரலைப் பற்றி அல்ல. 1991இல் அவள் ஒரு படத்துக்குக் கதை வசனம் எழுதினாள். அதைப் பற்றி.

படம் என்றால் தியேட்டரில் ஓடிய படம் இல்லை. ஒரு நடிகரின் ரசிகர் மன்றம் எடுத்த வீடியோ படம். எந்த நடிகர் என்று கேட்காதீர்கள். இருக்கிற விளம்பரம் அவருக்குப் போதும், நான் வேறு போட வேண்டாம். அவர் பிறந்தநாளையொட்டி ரசிகர்களே படம் எடுத்து கேசட்டை அனுப்புங்கள், நல்ல படத்தை அண்ணனே உட்கார்ந்து பார்ப்பார் என்று சென்னைத் தலைமை மன்றத்திலிருந்து கடிதம் வந்தது.

இங்கே கிளை மன்றத் தலைவர் சைக்கிள் கடை புருஷோத்தமன். கடிதத்தைப் படித்து முடிப்பதற்குள் தானே கதாநாயகன் என்று முடிவு செய்துவிட்டான். கல்யாண வீடியோ எடுக்கும் ரகு கேமராவோடு வந்தான். நடிக்கப் பெண் கிடைக்கவில்லை. டீ மாஸ்டர் கன்னியப்பன் மீசையை எடுத்துவிட்டுச் சேலை கட்டிக்கொண்டான். எல்லாம் கூடிவிட்டது, கதை மட்டும் இல்லை. மன்ற உறுப்பினர்களில் ஒருவன் கொத்து வேலை செய்யும் யாக்கோபு, கிளியம்மாளின் புருஷன். அவன்தான் வாயைத் திறந்தான்.

"எங்க சர்ச்சுல கிறிஸ்மஸ் நாடகம் மொத்தமும் எங்க வூட்டுக்காரி எழுதறதுதான். அத கேக்கலாம்பா."

கேட்டார்கள். அவள் சரி என்றாள். ஒரு மாதம் சாப்பாட்டு நேரத்தில், கழித்துப் போட்ட ரிஜெக்ட் சீட்டுகளின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதினாள். டப்பாவைத் திறந்து ரெண்டு வாய், அப்புறம் பென்சில். எனக்கு எரிச்சலாக இருந்தது.

"இன்னா கிளி, சங்கத்துக்கு நோட்டீஸ் எழுத ஆளில்லாம நான் தவிக்கிறேன். நீ சினிமாக்காரனுக்கு ஓசியில எழுதினுகீற?"

"ஓசி இல்ல தோழர். பேரு போடுவாங்க. கதை, வசனம் கிளியம்மாள்னு டிவியில வரும். அத என் கண்ணால பாக்கணும். அது போதும் எனக்கு."

"பேரு சோறு போடுமா?"

"உங்க நோட்டீஸ்ல மட்டும் கீழ உங்க பேரு போட்டுக்கிறீங்க. அது சோறு போடுதா?"

பெஞ்சே சிரித்தது. நான் போய்விட்டேன். அந்த வருஷம் கேட்டில் நான் கொடுத்த நோட்டீஸில் எல்லோருக்கும் பிடித்த வரி, "நிமிர்ந்து நின்னாத்தான் உயரம் தெரியும்." அது அவள் பேச்சுவாக்கில் சொன்னது. கீழே இருந்தது என் பெயர்.

நாலு ஞாயிற்றுக்கிழமை செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில் படம் பிடித்தார்கள். படத்தின் பெயர் 'செம்பரம்பாக்கத்துச் சிங்கம்'. மதகைப் பூட்டி வைத்துத் தண்ணீரை விற்கிறவனோடு ஒருவன் மோதுகிற கதை. நடிக்கிறவன் எவனுக்கும் வசனம் மனப்பாடம் ஆகவில்லை. அதற்குக் கிளியம்மாளிடம் வழி இருந்தது. சர்ச் நாடகத்தில் திரைக்குப் பின்னால் நின்று ஒவ்வொரு வரியாக எடுத்துக் கொடுப்பாள், மேய்ப்பர்களும் ராஜாக்களும் திருப்பிச் சொல்வார்கள். இங்கே திரை இல்லை. கேமராவை ஒட்டி நின்றுகொண்டாள். ஏரிக்காற்றில் புருஷோத்தமனுக்குக் கேட்க வேண்டுமே, அதனால் தொண்டை திறந்து சொன்னாள். ஏனோதானோ என்று சொல்ல அவளுக்குத் தெரியாது. அழுகிற வரியை அழுதுதான் கொடுத்தாள்.

வெட்டி ஒட்டுகிற வேலை இல்லை, எடுத்த வரிசையிலேயே படம். பெயர்கள் போட மட்டும் கேசட்டின் முன்பக்கம் ரெண்டு நிமிஷம் காலி விட்டிருந்தார்கள். கடைசி ஞாயிறு அந்த வேலை. சார்ட் அட்டையில் பெயர்களை எழுதி ஒவ்வொன்றாகக் கேமராவுக்கு முன்னால் பிடிக்க வேண்டும். கிளியம்மாள் தலைக்குக் குளித்து, பூ வைத்துக்கொண்டு வந்தாள். அட்டைகளைப் புரட்டினாள். 'கதை, வசனம், நடிப்பு: புருஷோத்தமன், உறுப்பினர் எண் 1.' கடைசி அட்டையில் 'உதவி: யாக்கோபு, உறுப்பினர் எண் 31.'

"என் பேரு எங்கண்ணா?"

"மன்றத்துல லேடீஸ் மெம்பர் கெடையாதும்மா. உறுப்பினர் நம்பர் இல்லாத பேர போட்டா சென்னையில கேசட்ட தூக்கிக் கடாசிடுவான்."

"எழுதனது நான்."

"யாரு இல்லன்னாங்க? அதான் உன் வூட்டுக்காரன் பேர போட்டுகீறேனே. ரெண்டு பேரும் ஒண்ணுதானே?"

"அப்போ நாளிக்கி என் ஷிப்டுக்கு அவரப் போவச் சொல்லவா?"

யாக்கோபு தலையைக் குனிந்துகொண்டான். அவனுக்குத் தன் பெயரை அட்டையில் பார்த்த சந்தோஷம் இன்னும் முகத்தில் மிச்சம் இருந்தது. அவள் பூவை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு நடந்தாள். மறுநாள் விஷயம் தெரிந்து, நோட்டீஸ் அடித்து புருஷோத்தமன் மானத்தை வாங்கலாமா என்று கேட்டேன்.

"அதுலயும் உங்க பேருதான் வரும். வேணாம் தோழர்."

நடிகரின் பிறந்தநாள் ஒரு ஞாயிறு. சுங்குவார்சத்திரத்துக் கல்யாண மண்டபத்தில் காலை பதினோரு மணிக்கு வாடகை டிவியும் வீடியோ டெக்கும் வைத்தார்கள். மன்றத்தின் மாவட்டத் தலைவர் அப்பாவு மாலையோடு முன் வரிசையில். கிளியம்மாள் பெஞ்சுப் பெண்கள் பதினைந்து பேரோடு கடைசி வரிசையில். ஏற்றுமதி அவசரத்தில் அன்றைக்கும் ஷிப்டு இருந்தது. ரெண்டு மணிக்கு இரண்டாம் ஷிப்டு, எல்லோரும் யூனிபாரத்தில்தான் வந்திருந்தார்கள். நானும் போயிருந்தேன்.

பெயர்கள் ஓடின. விசில். 'கதை, வசனம்' அட்டை வந்ததும் கிளியம்மாள் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

முதல் காட்சி. புருஷோத்தமன் கரையில் இடுப்பில் கைவைத்து நிற்கிறான். வாயைத் திறக்கவில்லை. டிவியிலிருந்து கணீரென்று ஒரு பெண் குரல்:

"மதகுச் சாவி உன் கையில இருக்கலாம். தண்ணி உன் கையில நிக்காதுடா!"

அதற்குப் பிறகுதான் அவன் வாய் அசைந்தது. அவன் குரல் எங்கோ கிணற்றுக்குள் இருந்து வந்தது.

மைக் கேமராவின் தலையில் இருக்கிறது. கேமராவை ஒட்டி நின்றவள் குரல் முழுசாக ஏறிவிட்டது, தூரத்தில் நின்றவர்கள் குரல் காற்றோடு போய்விட்டது. ரகு கேட்டுப் பார்க்கவில்லையா? இல்லை. கல்யாண கேசட்டில் பேச்சுச் சத்தத்துக்கு வேலையே கிடையாது, மேலே சினிமாப் பாட்டை ஏற்றிவிடுவான். படம் விழுந்திருக்கிறதா என்று மட்டுமே பார்த்துப் பழகியவன்.

மண்டபம் விழுந்து விழுந்து சிரித்தது. "அண்ணா, இன்னும் முன்னாடி வா!" என்றது டிவி. "கன்னியப்பா, பல்ல காட்டாத. நீ சாகப் போற!" புருஷோத்தமன் டெக்கை நிறுத்த ஓடினான். அப்பாவு கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"இருய்யா. ஓடட்டும்."

அரை மணி நேரத்தில் சிரிப்பு தேய்ந்தது. கன்னியப்பன் புருஷோத்தமன் மடியில் சாகும் காட்சி வந்தபோது சுத்தமாக நின்றுவிட்டது. அவன் சேலை விலகி லுங்கி தெரிந்தது, அதற்கும் யாரும் சிரிக்கவில்லை. குரலைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"நான் போறேன். நீ அழுவாத. நீ அழுதா, அவன் ஜெயிச்சிட்டான்னு ஊரு சொல்லும்."

மூக்கு உறிஞ்சும் சத்தம் ஆண்கள் பக்கத்திலிருந்தும் வந்தது. படம் முடிந்ததும் அப்பாவு எழுந்தார்.

"யாருய்யா அந்தப் பொண்ணு?"

"அது... சும்மா எடுத்துக் குடுக்கிற பொண்ணுண்ணே," என்றான் புருஷோத்தமன். "மேல பாட்டு ஏத்தி சத்தத்த மறச்சிடலாம்."

"மறைப்பியா நீ?" கடைசி வரிசையில் பெஞ்சுக்காரி முனியம்மாள் எழுந்துவிட்டாள். "அது எங்க கிளிடா! எழுதனதும் அவ, பேசனதும் அவ. நீ வாயத்தான் ஆட்டின!"

யாக்கோபு ஆண்கள் பக்கம் நடுவிலிருந்து எழுந்தான். நாலு பேருக்கு முன்னால் பேசிப் பழக்கமில்லாதவன்.

"தலைவரே, என் பேர எடுத்துடுங்க. நான் கேமராப் பொட்டி தூக்கனேன், அவ்ளோதான். அந்த எடத்துல அவ பேர போடுங்க."

"உன் எடம் எனக்கு வேணாம்யா," என்றாள் கிளியம்மாள். நடந்து முன்னால் வந்தாள். "நீ தூக்கன, உன் பேரு இருக்கட்டும். நான் எழுதன எடத்துல என் பேரு வரணும்."

புருஷோத்தமன் உறுப்பினர் எண் என்று மறுபடி ஆரம்பித்தான்.

"நம்பர்தானே? எங்கிட்டயும் ஒண்ணு கீது," என்றாள்.

அப்பாவு சிரித்துவிட்டார். "குரலக் கேட்டப்புறம் யார் பேரு போட்டாலும் சென்னைக்காரன் நம்பமாட்டான்யா. அட்டைய எடு."

விழாவைப் படம் பிடிக்க ரகு கேமராவோடுதான் இருந்தான். மணி ஒன்றரை. கேசட்டை ஆரம்பத்துக்கு ஓட்டி, பெயர்களை முதலிலிருந்து மறுபடி பிடிக்க வேண்டும். பஸ் போய்விடும் என்று பெண்களை அனுப்பிவிட்டாள். அவள் போகவில்லை. அட்டையில் அவளே எழுதினாள். 'கதை, வசனம், குரல்: கிளியம்மாள், டோக்கன் நம்பர் 218.' அவளே கேமராவுக்கு முன்னால் பிடித்தாள். ரகு ஓட்டிக் காட்டினான். டிவியில் வந்தது. அட்டையின் ஓரத்தில் அவள் கட்டைவிரலும் தெரிந்தது. ரெண்டு தடவை பார்த்தாள்.

கேசட் சென்னைக்குப் போனது. அந்த நடிகர் பார்த்தாரா, யாருக்குத் தெரியும்? ஒரு கடுதாசிகூட வரவில்லை. அவள் கேட்கவும் இல்லை.

அன்றைக்கு முக்கால் மணி நேரம் தாமதமாக வந்ததற்குக் கம்பெனி அவளுக்கு மெமோ கொடுத்தது. அந்த மாதிரி மெமோக்களுக்கு நான்தான் பதில் எழுதுவேன், காய்ச்சல் என்றோ பஸ் பழுது என்றோ. பேனாவை எடுத்தேன்.

"பொய் வேணாம் தோழர். நான் சொல்றத எழுதுங்க," என்றாள்.

எழுதினேன். 'ஞாயிற்றுக்கிழமை என் பெயரை எழுத வேண்டியிருந்தது. அதை வேறு யாரும் எனக்குப் பதிலாகச் செய்ய முடியாது. அதனால் தாமதம்.'

டைம் ஆபீஸ் வைத்திருக்கும் பைல்களில் என் கையெழுத்தில் நூறு பதில்கள் இருக்கும். அவற்றில் உருப்படியானது அது ஒன்றுதான், அதில் ஒரு சொல்லும் என்னுடையது இல்லை. கீழே அவள் பெயர்.