மல்லியின் முதுகும் என் மடித்த துண்டும்

ஜெஞ்சாரோம் ஊர்ப் பக்கம் ஒரு பண்ணையில் எங்கள் குதிரை மல்லியை விட்டிருக்கிறோம். அதற்கு முதுகு சாப்பாட்டு மேசை மாதிரி அகலம். ஒல்லியான பந்தயக் குதிரைக்குப் போட்டிருந்த பழைய சேணம் ஒன்று கிடைத்ததும் யோசிக்காமல் வாங்கிவிட்டேன். அது மல்லியின் முதுகில் பதியாமல் ஆடியது. உறுத்துமே என்று அடியில் ஒரு துண்டை மடித்து வைத்தேன். பிறகு இரண்டு. வயிற்று வாரையும் இறுக்கினேன். சேணத்தைக் கண்டாலே மல்லி கடிக்க வந்தது. “திமிரு புடிச்ச குதிரை” என்று திட்டினேன்.

போன மாதம் என் மகள் ஏறிய கொஞ்ச நேரத்தில் சேணம் அப்படியே பக்கவாட்டில் சரிந்தது. சேணத்தின் மிதி வளையத்தில் கால் மாட்டிக்கொள்ள, அவள் தலைகீழாகத் தொங்கினாள். மல்லி ஓடியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? நல்லவேளை, அது அசையாமல் நின்றது.

பண்ணையைப் பார்த்துக்கொள்ளும் செல்வி அக்கா ஓடி வந்து மகளை இறக்கினார். அவளுக்கு ஒரு கீறல்கூட இல்லை. பிறகு சேணத்தைக் கழற்றி, மல்லியின் தோளுக்குப் பின்னால் முடி உதிர்ந்து புண்ணாகியிருந்த இடத்தைக் காட்டினார்.

“ஷூ டைட்டா இருந்தா ரெண்டு சாக்ஸ் போடுவீங்களா? துண்டு வைக்க வைக்க இன்னும் டைட்டாதான் ஆகும் லா!”

புண் ஆறிய பிறகு, மல்லியின் முதுகில் கம்பியை வளைத்து, அந்த வளைவை அட்டையில் வரைந்து எடுத்துப்போய் வேறு சேணம் வாங்கினேன். இப்போதெல்லாம் ஏறுவதற்கு முன் சேணத்தின் அடியில் என் கையை நுழைத்துப் பார்க்கிறேன். கை நசுங்கினால் அன்று யாரும் ஏறுவதில்லை.

நேற்று சேணத்தோடு போனேன். மல்லி ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, மறுபடி புல்லைத் தின்னத் தொடங்கியது.