அஞ்சு ஆப்புக்கு ஒரே ஆப்பு

வாடிக்கையாளர் போனில் "நான் ஒண்ணுமே பண்ணலம்மா, சும்மா தொட்டேன்" என்று ஆரம்பித்தால், குறைந்தது இரண்டு மணி நேர வேலை காத்திருக்கிறது என்று அர்த்தம். எங்கள் தொழிலில் நுழைபவர்கள் முதலில் கற்றுக்கொள்வது இதைத்தான்.

நான் சித்தூரில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் நகரி. கடையில் உட்கார்ந்து செய்கிற வேலை அல்ல என்னுடையது. ஐந்து மெசேஜ் ஆப்புகளில் வருவதையெல்லாம் ஒரே திரையில் காட்டுகிற சாஃப்ட்வேர் ஒன்றை எங்கள் முதலாளி விற்கிறார். அதை வாங்குகிறவர்களின் இடத்துக்கே போய், கம்ப்யூட்டரில் ஏற்றி, அவர்களுடைய ஆப்புகளை அதோடு இணைத்து, எப்படிப் பயன்படுத்துவது என்று சொல்லிக்கொடுத்துவிட்டு வரவேண்டும். அதற்குக் கம்பெனி வைத்த பெயர் நீளமானது. எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் அது "அஞ்சுக்கு ஒண்ணு".

உங்கள் பாடும் எனக்குத் தெரியும். அண்ணன் பச்சை ஆப்பில் பேசுவார், ஆபீசில் நீலத்தில் பேசுவார்கள், தங்கச்சி ஊதாவில் போட்டோ போட்டுவிட்டு "பாக்கலையா?" என்று கோபித்துக்கொள்வாள். "அனுப்பினேனே!" என்று எல்லாரும் சொல்வார்கள். எதில் அனுப்பினார்கள் என்று மட்டும் ஒருவரும் சொல்லமாட்டார்கள். நீங்களும் அப்படித் தேடித் தேடிக் களைத்தவர்தான் என்றால், மேலே படியுங்கள். ஆறுதல் கிடைக்காது, துணை கிடைக்கும்.

இருவரும் ஒருவரா?

ஊருக்குச் சொல்லித்தருவதற்கு முன்னால் நீயே ஒரு வாரம் பயன்படுத்திப் பார் என்றார் முதலாளி. என் ஐந்து ஆப்புகளையும் இணைத்தேன். ஒரே ஆள் பச்சையிலும் நீலத்திலும் இருந்தால், "இவர்கள் இருவரும் ஒருவரா?" என்று அந்த சாஃப்ட்வேர் கேட்கும். ஆமாம் என்று சொன்னால் இரண்டு பேச்சையும் ஒன்றாகச் சேர்த்துவிடும். இருபது முப்பது பேருக்கு இப்படிக் கேட்டது. ஆன்லைனில் பஸ் டிக்கெட் எடுக்கும்போது "ஒப்புக்கொள்கிறேன்" என்று அமுக்குவதுபோல எல்லாவற்றுக்கும் ஆமாம், ஆமாம் என்று அமுக்கிக்கொண்டே போனேன்.

எங்கள் கடையில் இரண்டு முரளி. முதலாளியும் முரளி, பிரிண்டர் ரிப்பேர் பார்ப்பவரும் முரளி. மூன்றாம் நாள், ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்கு வரச்சொன்ன எரிச்சலில், பிரிண்டர் முரளிக்கு ஒரு வரி தட்டினேன்: "நம்ம முதலாளிக்கு மனசாட்சின்னு ஒண்ணு இருக்குதா இல்லியா?" அனுப்பிய அடுத்த நொடி, முதலாளியின் கண்ணாடி அறைக்குள்ளே ஒரு போன் "டிங்" என்றது. வேலை போயிற்று என்று நினைத்துப் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். முதலாளி மெதுவாக எழுந்து வந்தார், என் திரையை ஒருமுறை பார்த்தார், சொன்னார்:

"இருக்குது கஸ்தூரி, இன்னும் லிங்க் பண்ணல."

ரேட்டு காட்டலையே

காணிப்பாக்கத்தில் கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜ். ரூம் கேட்டு வேலூர்க்காரர்கள் ஒரு ஆப்பில் வருவார்கள், பெங்களூர்க்காரர்கள் இன்னொன்றில், கடப்பைக்காரர்கள் மூன்றாவதில். மேனேஜர் தெலுங்குக்காரர், நல்ல மனிதர். மூன்று போனை மேஜைமேல் வரிசையாக வைத்துக்கொண்டு, வைத்தியர் நாடி பார்ப்பதுபோல ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

என் லேப்டாப் திரையில் கறுப்புக் கட்டம் கட்டமாக க்யூஆர் கோடு வந்தது. "சார், போனை எடுத்து இத்த ஸ்கேன் பண்ணுங்க" என்றேன். பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ சொல்லித் தொண்டையைச் செருமிக்கொண்டு போனைக் காட்டினார். ஒன்றும் நடக்கவில்லை. தள்ளிக் காட்டினார், கிட்டே கொண்டுபோனார், கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் காட்டினார். எட்டிப் பார்த்தேன். காய்கறிக் கடையில் பணம் அனுப்புகிற ஆப்பைத் திறந்துவைத்திருந்தார். முகத்தில் கொஞ்சம் வருத்தம். எங்கள் கடைக்குத் தரவேண்டியதையெல்லாம் முன்னமே தந்துவிட்ட மனிதர், மறுபடியும் கேட்கிறாளே என்று என்னைப் பார்த்தார். ஆனாலும் மரியாதை குறையாமல்தான் கேட்டார்:

"கோடு காட்டுதும்மா, ரேட்டு காட்டலையே, எவ்ளோ போடணும்?"

ஒரே பாய்

புத்தூர் சரோஜாக்கா கல்யாணத் தரகர். ஒரு நாளைக்கு ஐம்பது ஜாதகம் அவர் போன் வழியாகப் போய் வரும். அவர் மகன்தான் அம்மாவுக்குச் சுலபமாக இருக்கட்டும் என்று "அஞ்சுக்கு ஒண்ணு" வாங்கியிருந்தான். நான் அரை மணியில் எல்லாவற்றையும் இணைத்து, "இனிமே எல்லாரும் ஒரே லிஸ்டுல வந்துடுவாங்கக்கா" என்று பெருமையாகத் திருப்பிக் காட்டினேன்.

அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. விஷயம் என்னவென்றால், பெண் வீட்டாரையெல்லாம் பச்சையிலும் மாப்பிள்ளை வீட்டாரையெல்லாம் நீலத்திலும் வைத்திருந்தது அவருடைய தொழில் ரகசியம். பச்சையில் மாப்பிள்ளை பெரிய கம்பெனியில் "மேனேஜர்". நீலத்தில் அதே மாப்பிள்ளையின் அம்மா, "பையனுக்கு வேலை உறுதியாவற வரைக்கும் பேச வேணாம்" என்று எழுதியிருந்தார். இரண்டு செய்தியும் இப்போது ஒன்றன் கீழ் ஒன்றாக, அக்கா தம்பிபோல உட்கார்ந்திருந்தன. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பெண் வீட்டிலிருந்து "மாப்ள வேல இன்னாக்கா ஆச்சு?" என்று வந்து அதன் மேலேயே ஏறிக்கொண்டது. சரோஜாக்கா லேப்டாப்பை இரண்டு கையாலும் மூடினார்.

"பொண்ணு வூடும் மாப்ள வூடும் ஒரே பாயில குந்திக்கினா நடுவுல நான் எதுக்கு கண்ணு? பிரிச்சி வுட்டுட்டுப் போ!"

வலைக்கு வெளியே

ராமகுப்பத்தில் லட்சுமியம்மா பட்டுப்புழு வளர்க்கிறார். கூலிக்குப் போய்க்கொண்டிருந்த குடும்பம். இப்போதுதான் கொஞ்சம் நிலம் வாங்கி மல்பெரி போட்டு, புழு வளர்க்கத் தனிக் கொட்டகை கட்டியிருக்கிறார்கள். பட்டுக்கூடு வாங்குகிறவர்கள், புழு முட்டை கொடுக்கிறவர்கள், பட்டு வளர்ச்சி அலுவலர் என்று ஆளுக்கொரு ஆப்பில் பேசுவதால் என்னை வரச்சொல்லியிருந்தார். குப்பம் டவுனுக்குப் போய் இன்னொரு பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தேன். வாசலிலேயே என்னை நிறுத்திவிட்டார். நான் போட்டிருந்த பவுடர் வாசனை புழுவுக்கு ஆகாதாம். கொட்டகை ஜன்னலுக்கு வலை அடித்திருந்தது. அவர் உள்ளே, நான் வெளியே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் லேப்டாப்போடு. வலை வழியாகவே பாடம் நடந்தது.

"மேல மூணு புள்ளி இருக்குது பாருங்க, அத்த அமுக்குங்க" என்பேன். எட்டிப் பார்த்தால், போனைக் கையில் பிடித்துக்கொண்டு புழுத் தட்டையே பார்த்துக்கொண்டிருப்பார். இரண்டு மூன்று முறை இப்படி ஆனதும், "இன்னாம்மா ஆச்சு?" என்று கேட்டேன். புழுக்கள் சில நாளாக இலை தின்னாமல், உடம்பு உப்பி, தட்டின் ஓரத்துக்கு ஊர்ந்து வருகின்றனவாம். அலுவலருக்குப் போட்டோ எடுத்து அனுப்பினாராம். பதிலே இல்லையாம். "அவங்களுக்கு ஆயிரம் வேல. நம்மள மாதிரி ஆளுங்களுக்கு எங்க பதில் சொல்லிக்கினு இருப்பாங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு என்னவோபோல் இருந்தது. வாங்கிய நிலமும் கட்டிய கொட்டகையும் அந்தத் தட்டுகளை நம்பித்தான் நின்றன.

நான்காவது ஆப்பை இணைத்தேன். பழைய செய்திகள் ஒவ்வொன்றாக இறங்கத் தொடங்கின. இரண்டு நாளுக்கு முன்பே அலுவலர் பதில் போட்டிருந்தார். அவர் போட்டது நீலத்தில், லட்சுமியம்மா பார்த்துக்கொண்டிருந்தது பச்சையில். நான் வலையோடு வாயை வைத்துச் சத்தமாகப் படித்தேன்: "நோய் வந்த புழுவை உடனே பொறுக்கி எடுத்துப் புதைத்துவிடுங்கள். மீதித் தட்டுகளில் சுண்ணாம்புத் தூள் தூவுங்கள். காற்றோட்டம் வேண்டும். போன் செய்யுங்கள்." படித்து முடிப்பதற்குள் அவர் போனைக் கீழே வைத்துவிட்டுக் கணவரைக் கூப்பிட்டார். அன்றைக்கு ஐந்தாவது ஆப்பை இணைக்கவே இல்லை. நான் சாயங்காலம் வரை வெளியே உட்கார்ந்து, அலுவலருக்குப் போன் போட்டு, அவர் சொல்வதையெல்லாம் வலை வழியாக உள்ளே கத்திக்கொண்டிருந்தேன். இரண்டு தட்டு போயிற்று. மற்றதெல்லாம் பிழைத்தது.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து என் போன் விடாமல் அடித்தது. பச்சை, நீலம், ஊதா, இன்னும் இரண்டு என்று ஐந்திலும் ஒரே போட்டோ: சந்திரிகை என்கிற மூங்கில் தட்டுகள் நிறைய வெள்ளை வெளேரென்று பட்டுக்கூடுகள். என்ன ஆயிற்றோ என்று பயந்து போன் செய்தேன்.

"நீ எந்தப் பொட்டில பாப்பியோன்னு அஞ்சுலயும் போட்டுட்டேம்மா, ஒண்ணுலயாவது பாப்ப இல்ல?"

பெங்களூர் பார்ட்டி

சந்திரகிரிக் கோட்டைக்குப் போகிற வழியில் மணியண்ணன் வேன் சர்வீஸ் நடத்துகிறார். திருப்பதிக்கு வருகிறவர்களை ஏற்றி இறக்குவது. ஐம்பத்தைந்து வயது இருக்கும், அதிகம் பேசாதவர். எல்லாவற்றையும் இணைத்து முடித்ததும், "ஒரு பதில் போட்டுப் பழகுங்கண்ணா" என்றேன். லிஸ்டில் முதலில் "பெங்களூர்" என்று ஒரு பெயர் இருந்தது. சவாரி கேட்கிறவர்கள் என்று நினைத்து, "பெங்களூர் பார்ட்டி ஏதோ கேட்டிருக்காங்க, அதுக்கே போடுங்க" என்று திறந்தேன்.

"நைனா, துன்னியா?" என்று இருந்தது; "அப்பா, சாப்பிட்டியா?" என்பதை எங்கள் பக்கத்தில் இப்படித்தான் கேட்போம். அதற்கு மேலே முந்தின நாளும் அதே "நைனா, துன்னியா?" அதற்கு முந்தின நாளும். விரலால் தள்ளத் தள்ள மேலே மேலே போய்க்கொண்டே இருந்தது. படிக்காதது என்று ஒன்றுகூடக் காட்டவில்லை, எல்லாவற்றையும் அவர் திறந்து படித்திருந்தார். ஒன்றுக்குக்கூடப் பதில் இல்லை. நான் சட்டென்று கையை எடுத்துக்கொண்டேன். அவர் தானாகவே சொன்னார். மகள் தனக்குப் பிடித்தவரைக் கல்யாணம் செய்துகொண்டு போய் இரண்டு வருஷம் ஆகிறது. இனிமேல் பேசமாட்டேன் என்று சொந்தக்காரர்கள் நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டார். "சொல்லிட்டேம்மா" என்றார் மறுபடியும், அந்த நாலு பேரும் எதிரே நிற்பதுபோல.

நான் வேறு யாருடைய பேச்சையாவது திறக்கலாம் என்று கையை நீட்டினேன். அவர் தடுத்தார். "இது பழகறதுக்குத்தானே? நெஜமா போவாதில்ல?" என்று கேட்டார். பொய் சொல்லியிருக்கலாம். எனக்கு வாய் வரவில்லை. "போவும்ணா" என்றேன். வெளியே டிரைவர் சாவி கேட்டுக் கூப்பிட்டார். இருப்பா என்று கையைக் காட்டினார். பிறகு ஒற்றை விரலால், ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடி, "துன்னேன். நீ?" என்று அடித்தார். அனுப்புகிற பொத்தான் எது என்று என்னைக் கேட்கவில்லை. அதை மட்டும் தெரிந்துவைத்திருந்தார்.

ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. மேஜையில் இருந்த போன் அடித்தது. திரையில் "பெங்களூர்". மணியண்ணன் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். அடித்து ஓய்ந்து மறுபடியும் அடித்தது. அவர் கண் இரண்டும் நிறைந்துவிட்டது. போனை எடுத்து என் பக்கம் தள்ளினார்.

"நான் அனுப்பலம்மா, கத்துக் குடுக்கறப்ப உன் கை பட்டுட்டுதுன்னு சொல்லிட்டு, அப்புறமா எங்கிட்ட குடு."

ஒரு நாள் லீவு

போன மாதம் ஒரு நாள் "அஞ்சுக்கு ஒண்ணு" காலையிலிருந்து வேலை செய்யவில்லை. கம்பெனி சர்வர் படுத்துவிட்டது. பத்து மணிக்குள் எங்கள் கடை வாசலில் செருப்பு வைக்க இடமில்லை. பழைய மாதிரி ஒவ்வொரு ஆப்பாகத் திறந்து பார்க்கலாமே என்று சொன்னேன். பாதிப் பேர் பாஸ்வேர்டை மறந்திருந்தார்கள். மீதிப் பேர் அந்த ஆப்புகளை, இனிமேல் எதற்கு என்று போனிலிருந்தே அழித்திருந்தார்கள்.

கூட்டத்தில் நகரிப் பக்கம் துணி வியாபாரம் செய்கிற ஒருவர் இருந்தார். மற்றவர்கள் கத்தி முடிக்கும்வரை பொறுமையாக நின்றார். தண்ணீர் வாங்கிக் குடித்தார். பிறகு முதலாளியின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுச் சொன்னார்:

"முன்னாடியெல்லாம் ஒண்ணு கெட்டா நாலு வேல செய்யும் சார், ஒண்ணு கெட்டா அஞ்சும் நின்னுபோற மாதிரி பண்ணிக் குடுத்தீங்க பாருங்க, அதான் தெறம!"

இத்தனை நாள் அனுபவத்தில் எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: மெசேஜ் வந்து சேராததால் வருகிற சண்டையைவிடச் சரியாக வந்து சேர்ந்துவிட்டதால் வருகிற சண்டைதான் அதிகம், இரண்டுக்கும் பஞ்சாயத்துக்கு என்னைத்தான் கூப்பிடுகிறார்கள்.