துரையை ‘ஹீ’ என்று சொன்ன நாள்

கீழ் கோத்தகிரிப் பக்கத்துத் தேயிலை எஸ்டேட்டில் என் மனைவி கோகிலவாணி பதினெட்டு வருடமாகக் கொழுந்து பறிக்கிறாள். நான் அந்தக் கொழுந்தை லாரியில் ஏற்றி ஃபேக்டரிக்குக் கொண்டுபோகிறவன். போன மாதம், ஃபேக்டரி பார்க்க வரும் வெளியூர்க்காரர்களுக்கு இங்கிலீஷில் விளக்கிச் சொல்ல ஓர் ஆள் வேண்டும் என்று போர்டில் எழுதிப் போட்டார்கள். மேடு ஏறி ஏறி முட்டி தேய்ந்தவள் அதைப் பார்த்த அன்றைக்குச் சோறே தின்னவில்லை. அவ்வளவு ஆசை!

நான் சும்மா இருப்பேனா? நாலு ஊர் பார்த்தவனாயிற்றே! “ஹீன்னா அவன். ஹிம்னா அவரு. மரியாதைக்கு ஒரு எழுத்து கூடும்” என்று சொல்லிக்கொடுத்தேன். அவளும் நம்பி, மேனேஜர் துரைக்கு ஹிம், கணக்கருக்கு ஹிம், வாட்ச்மேன் இசக்கிக்கு ஹீ என்று பங்கு போட்டுக்கொண்டாள்.

பிளஸ் ஒன் படிக்கும் மகள் வனிதா கேட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “அதுல மரியாதையெல்லாம் கெடையாதுங்கப்பா. வேலையச் செய்யறவரு ஹீ. அந்த வேலை யாரு மேல விழுகுதோ அவரு ஹிம். ஆளப் பார்த்து மாறாது.”

என் மானம் கப்பலேறியது. கோகிலவாணிக்கோ கால் தரையில் நிற்கவில்லை. “ஏனுங்க, கேட்டீங்களா! துரைக்கும் இசக்கியண்ணனுக்கும் ஒரே வார்த்தைங்க!” அதன்பிறகு அடுப்படியிலும் தேயிலைக்குள்ளும் அதே பாடம்தான்.

அந்த வேலைக்கு ஆள் எடுக்கும் சோதனை நாளில் மேனேஜர் ஆண்ட்ரூ துரையே ஃபேக்டரியில் வந்து நின்றார். இங்கே இருப்பவர்களை இங்கிலீஷில் அறிமுகப்படுத்து என்றார். நான் லாரியை ஓரங்கட்டிவிட்டு ஜன்னலில் முகத்தை வைத்துக்கொண்டேன். இசக்கியைச் சுலபமாகச் சொல்லிவிட்டாள். துரையின் பக்கம் கை நீட்டியதும் தலை தானாகக் குனிந்துகொண்டது. பதினெட்டு வருடம் அவர் முன்னால் குனிந்து நின்ற தலை லேசில் நிமிருமா? ‘சொல்லித் தொலையேன்டி!’ என்று மனசுக்குள் கத்தினேன்.

நிமிர்ந்தாள். “ஹீ இஸ் தி மேனேஜர். ஐ பிளக் தி லீவ்ஸ். ஹீ டேஸ்ட்ஸ் தி டீ.” ஃபேக்டரி சத்தத்தையும் மீறிக் கணீரென்று கேட்டது.

துரை சிரித்துவிட்டார். “நாளையிலிருந்து இங்க வந்துருங்க” என்றார். இத்தனை வருடத்தில் அவளிடம் அவர் ‘ங்க’ போட்டுப் பேசி நான் கேட்டதே இல்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் அந்த ‘ங்க’வைக் கவனிக்கவே இல்லை. இசக்கியின் இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கிக்கொண்டிருந்தாள்.