விருந்துக்கு வந்தவர்களெல்லாம் மணப்பெண்

என் தம்பி ஸாஜித்தின் மனைவி றம்ஸியா கிண்ணியாவில் பெயர்போன தையல்காரி. கை வேகம், வாய் அதைவிட வேகம். அவள் தைத்த மாதிரியை அடுத்த தெருவில் யாராவது பார்த்துத் தைத்துவிட்டால் போதும், அன்றைக்கு வீட்டில் சோறு தீய்ந்துவிடும். "கண்ணால பாத்துக் களவெடுக்கிறாளுகள் மச்சி!" என்று நாத்தனாரான என்னிடம்தான் வந்து கத்துவாள். நான் என்ன செய்ய, ஊரார் கண்ணையெல்லாம் கட்டிவிடவா?

அப்படிப்பட்டவளுக்கு ஸாஜித் ஒரு கணினி உலகத்தைக் காட்டினான். துறைமுகத்தில் வேலை முடிந்து வந்தால் அவனுக்கு அதுதான் பைத்தியம். யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்து, பிரித்துப் பார்த்து, தன் வீட்டிலேயே நடத்தக்கூடிய மென்பொருள். அதற்குள் ஒரு தீவும் மண்டபமும் கட்டி வைத்திருந்தான். நமக்குப் பதிலாகப் பொம்மை மாதிரி ஓர் உருவம் அங்கே நடக்கும். அந்த உருவங்களுக்கு உடுப்புச் செய்ய றம்ஸியா பழகிக்கொண்டாள். அவளை மயக்கியது ஒரே ஒரு விஷயம். செய்து முடித்த உடுப்புக்கு 'நகல் எடுக்கக் கூடாது' என்று திரையில் ஒரு சின்னக் கட்டத்துக்குள் குறி வைக்கலாம். "பாத்தீங்களா மச்சி? இங்க ஒருத்தியும் களவெடுக்க ஏலாது!" அந்தச் சந்தோஷத்தில் அன்றைக்கு எனக்குத் தேங்காய்ப்பாலும் முட்டையும் போட்ட வட்டிலப்பம்கூடக் கிடைத்தது.

அவளுடைய தங்கை றிஷானாவின் பாடுதான் பாவம். போன வருஷம் அபூதாஹிர் கத்தாரிலிருந்து லீவில் வந்து அவளை நிக்காஹ் முடித்தார். விருந்து வைக்கும் முன்பே கம்பனி திரும்பக் கூப்பிட்டுவிட்டது. மணப்பெண்ணாக உடுத்தி நாலு பேர் முன்னால் இருக்கவில்லையே என்று அந்தப் பிள்ளை அழாத நாளில்லை. புருஷனும் பெண்சாதியும் பின்னேரங்களில் ஸாஜித்தின் தீவில்தான் நடந்து திரிந்தார்கள். கடைசியில் விருந்தையும் அங்கேயே வைப்போம் என்று முடிவானது.

றம்ஸியா மற்றத் தையலையெல்லாம் தள்ளிவைத்துவிட்டு அந்த உடுப்பைச் செய்தாள். கடல்பச்சை நிறம், மணிக்கட்டு வரை கை, தரையைக் கூட்டும் நீளம், முக்காட்டின் ஓரமெல்லாம் முத்துச்சிப்பி. இருந்த கட்டங்கள் எல்லாவற்றிலும் குறி வைத்தாள். "இது உலகத்தில உனக்கு மட்டும்தான். வேற ஒருத்தி உடுத்தா என்ட பேர மாத்து," என்று தங்கைக்கு வாக்குக் கொடுத்தாள். றிஷானா அந்த வாக்கைப் பிடித்துக்கொண்டுதான் விருந்து நாள்வரை சிரித்தாள்.

விருந்தன்று றம்ஸியாவின் வீட்டில் ஆளுக்கொரு கணினியோடு உட்கார்ந்தோம். முதலில் தீவுக்குள் வந்தது அபூதாஹிரின் உம்மா, குச்சவெளியில் தன் வீட்டுக் கணினியிலிருந்து. புதிதாக நுழையும் பெண்ணுருவத்துக்கு அந்த மென்பொருள் தானாகவே மாட்டிவிடுவது இறுக்கமான கால்சட்டையும் கையில்லாத சட்டையும்! ஐவேளை தொழுகிற மனிசி அந்தக் கோலத்தில் மண்டபத்தின் நடுவில் நின்றா. பின்னாலேயே அவவின் தங்கச்சிமார், மச்சிமார் எல்லோரும் அதே கோலம். "யா அல்லாஹ்! இது நானா?" என்று ஒலிபெருக்கியில் ஓர் அலறல்.

ஸாஜித்துக்கு வேர்த்துவிட்டது. தீவு முழுக்கத் தேடினாலும் உடம்பை மூடுகிற பெண் உடுப்பு ஒன்றே ஒன்றுதான் இருந்தது. எதையோ தட்டினான். கண் மூடித் திறப்பதற்குள் வந்த பெண்கள் எல்லோரும் கடல்பச்சையில், முத்துச்சிப்பி முக்காட்டோடு நின்றார்கள். நானும்தான். உள்ளதைச் சொன்னால், எனக்கு அது வடிவாக, பார்க்க அழகாகத்தான் இருந்தது.

"குறி வச்சேனே! எப்பிடி எடுத்தீங்க?" றம்ஸியா பாய்ந்தாள். அவள் கைக்கு எட்டாமல் கத்தரிக்கோலை நான் மெல்லத் தள்ளி வைத்தேன்.

"அந்தப் பூட்டு வாற ஆக்களுக்குப் புள்ள. இந்த உலகமே என்ட கம்பியூட்டரில ஓடுது. எனக்கென்ன பூட்டு? வாற ஆக்களும் நினைச்சா எடுக்கலாம். கண்ணுக்குத் தெரியவேணுமெண்டா உடுப்பு அவங்கட மெசினுக்குப் போய்த்தானே ஆகோணும்."

"அப்ப எதுக்கு அந்தக் குறி?"

"நல்ல ஆக்களுக்கு."

றிஷானா முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். அந்த நேரம் பார்த்து அபூதாஹிர் கோட்டும் சூட்டுமாக உள்ளே வந்தார். தலைக்கு மேலே பெயர் தெரியத்தான் செய்யும், ஆனால் தமிழில் போட்டதால் அந்த மென்பொருளுக்கு எழுத்துத் தெரியாமல் எல்லாம் வெறும் பெட்டி பெட்டியாகக் கிடந்தது. மனிசன் ஒவ்வொரு கடல்பச்சையாகப் பார்த்து, கடைசியில் ஒன்றின் பக்கத்தில் போய்க் குழைந்தார்.

"இண்டைக்கு நீங்க சரியான வடிவு..."

"டேய், நான் உன்ட உம்மாடா!"

வீடு சிரித்து உருண்டது. றிஷானா மட்டும் கணினியைத் தள்ளிவிட்டு எழும்பப் போனாள். அவள் கை எந்தப் பொத்தானில் பட்டதோ, அவளுடைய உருவம் நேரே போய்ச் சுவரில் முட்டியது. முட்டிய பிறகும் விடாமல் நடந்துகொண்டே இருந்தது.

"அந்தா!" அபூதாஹிரின் குரல் கத்தாரிலிருந்து துள்ளி வந்தது. "சுவத்தோட மல்லுக்கட்டுறது என்ட றிஷானா! ஒருநாளாவது வாசலால வந்திருக்காவா?" அவர் ஓடிப்போய் அவளுக்குப் பக்கத்தில் நின்று, தானும் அந்தச் சுவரில் முட்டத் தொடங்கினார்.

றிஷானா கண்ணீரோடு வெடித்துச் சிரித்தாள். மாமியார் மெல்லக் கேட்டா: "புள்ள, இந்த உடுப்ப நான் திருப்பித் தரவேணுமோ?"

"வேணாம் மாமி. நீங்களே வச்சிருங்க."

றம்ஸியா மூக்கைச் சிந்திவிட்டு ஸாஜித்தின் பக்கம் திரும்பினாள். "எங்க, தங்கச்சிட அந்த நடையையும் நகலெடுத்து எல்லாருக்கும் குடுங்க பாப்பம்!"

ஸாஜித் மவுஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.